தொண்ணூறில் வரும் நடுக்கம்

அத்தியாயம் 6

"அக்கா, இதுக்குப் பேரு வேன் இல்ல. மாவு சலிக்கிற மிஷினுக்கு நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுல விட்டிருக்காங்க."

கிளிஃபர்ட் இதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதில் 'மிஷினுக்கு' என்ற ஒரு சொல் மட்டும் நான்கு துண்டாக வெளியே வந்தது. டேஷ்போர்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வேகத்தைப் பார்த்தான். தொண்ணூற்றிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பிறை நகர் பக்கம் போகும் ஹைவே. ஓட்டிக்கொண்டிருந்த குணவதியின் கைகளுக்குள் ஸ்டியரிங், பிடித்த கோழி மாதிரி படபடத்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மூன்று மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறாள்.

அவளுக்குப் பின்னால் லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், ஒரு பணமாற்றுக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கும் வேலை. அவளுடைய பொறுமையும் உதவியாளன் கிளிஃபர்டின் வாயும்தான் அந்த அலுவலகத்தின் மூலதனம்.

வழக்கு இதுதான். அருளொளி நற்பணி மன்றத்துக்குச் சொந்தமான பதினெட்டு வயது வேன் இது. வாரத்தில் மூன்று நாள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஆறு சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, கடல் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனில் இரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்குப் போகும். எண்பத்தைந்தில் லேசாக ஆட ஆரம்பித்து, தொண்ணூறில் பேயாட்டம் போடும். எழுபதில் ஊர்ந்தால் ஆட்டம் இல்லை. ஆனால் முன்பு ஆறே முக்காலுக்குக் கிளம்பியவர்கள் இப்போது ஆறு மணிக்கே கிளம்பினாலும் சில நாள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தாமதமானால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். போன மாதம் இரண்டு பேர் அப்படித் திரும்பி வந்து, அவர்களில் மூர்த்தி என்பவர் மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

மன்றத் தலைவர் சிவநேசன் இதைச் சதி என்றார். வரப்போகும் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவன் குகன். குகனின் தங்கைதான் குணவதி. "அண்ணன் சொல்லித் தங்கச்சி வேனைக் கெடுத்து வச்சிருக்கா. கண்டுபிடிச்சுக் குடுங்க," என்று லோகேஸ்வரியிடம் வந்திருந்தார். இன்று பன்னிரண்டு மணிக்கு மன்றத்தில் கூட்டம். குணவதியை நீக்கும் தீர்மானம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அவள் போனால் வேறு டிரைவர் வரும்வரை வேன் ஓடாது. அதைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை.

"தம்பி, பேசாதப்பா. நாக்கைக் கடிச்சுக்குவ," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கடைசி சீட்டில் அமலம்மாள். அறுபத்தெட்டு வயது. ஆறு நோயாளிகளில் ஒருவர். வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஏறிவிட்டார். "ஆடுறது என் உடம்பு. நான் இல்லாம நீங்க என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க?"

லோகேஸ்வரி கண்ணைத் திறந்தாள். "இதுவரைக்கும் யாரு யாரு பார்த்தாங்க, குணா?"

"அஞ்சு வொர்க்‌ஷாப் அக்கா. முதல் ஆளு டயர் பழசுன்னு மாத்தினாரு. ரெண்டாவது ஆளு, அவரு போட்ட டயரே மட்டம், ஷாக் அப்சார்பரும் போச்சுன்னாரு. மூணாவது ஆளு பேரிங் மாத்தினாரு. நாலாவது ஆளு ஓட்டிப் பார்த்துட்டு, ரோடு சரியில்லன்னாரு."

"ரோட்டை மாத்தச் சொல்லலையா?" என்றான் கிளிஃபர்ட்.

"அஞ்சாவது ஆளு நாலு சக்கரத்தையும் கழட்டி மூணு தடவை பேலன்ஸ் பார்த்தாரு. மிஷின்ல சுத்தமா ஜீரோ. பேப்பரே குடுத்தாரு. அதுக்கப்புறம் தலைவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாரு."

"அதுல ஜூஸாவது கிடைச்சுதா?"

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "குணா, கியரை நியூட்ரல்ல போடு."

எஞ்சின் சத்தம் அடங்கியது. ஆட்டம் அடங்கவில்லை.

"எஞ்சின் இல்ல. எழுதிக்கோ கிளிஃபர்ட்."

"எஞ்சின் விடுதலை," என்று அவன் எழுதினான். எழுத்து டாக்டர் சீட்டு மாதிரி கோணிக்கொண்டு போனது.

"இப்ப மெதுவா பிரேக்."

வேகம் குறைந்தது. ஆட்டம் கூடவில்லை. "பிரேக் தட்டு கோணலா இருந்தா, மிதிக்கிறப்ப இன்னும் உதறும். அதுவும் இல்ல. சரி, இப்ப நூத்தி எட்டு வரைக்கும் போ."

"அக்கா, எனக்குக் கல்யாணம்கூட ஆகல," என்றான் கிளிஃபர்ட்.

நூறைத் தாண்டியதும் நடுக்கம் குறைந்தது. நூற்றி எட்டில் காணாமலே போனது. வேன் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அமலம்மாள், "இது என்னடி கூத்து?" என்றார்.

"பேரிங் போயிருந்தா இரையும், வேகமாப் போகப்போக இரைச்சல் ஏறும். ஸ்டியரிங் கம்பி லூசா இருந்தா, மெதுவாப் போறப்பவே குழியில விழுந்தா டக்குடக்குன்னு கேட்கும். ஒரு வேகத்துல மட்டும் ஆடிட்டு அடங்குதுன்னா, சுத்துற ஏதோ ஒண்ணு வட்டத்துல நிக்கல. சக்கரம்தான்."

"சக்கரத்துக்குத்தான் ஜீரோன்னு பேப்பர் இருக்கே அக்கா?" என்றாள் குணவதி.

"பேப்பர் பொய்னு நான் சொல்லல. நாம விசாரிக்கிற மாப்பிள்ளைங்களும் பேப்பர்ல சுத்தமாத்தான் இருப்பாங்க. கட்டிக்கிட்டுப் போன வீட்டுல எப்படி இருக்காங்கங்கிறதுதான் கேள்வி."

பிறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கும் ஒரே மெக்கானிக் முகம்மது கனி. இன்ஷூரன்ஸ் காலத்திலிருந்து லோகேஸ்வரிக்குப் பழக்கம். அவருடைய வொர்க்‌ஷாப்பில் வேன் நின்றதும், அவர் முதலில் பார்த்தது கோளாறை அல்ல, சிவநேசனை.

பார்க்காமல் இருக்க வழியில்லை. வேனின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குத் தலைவர் கைகூப்பி நின்றார். பின்கதவில் விரலை நீட்டி இலட்சியத்தைக் காட்டினார். அரசு கொடுக்கும் டத்தோ பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குண்டான சிரிப்பு மட்டும் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. போதாததற்கு முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும், பளபளக்கும் ரிம்மின் மூடியாக, வட்டத்துக்குள் அவர் முகம்.

"பின்சக்கரத்துல ஏன் இல்ல?" என்று கேட்டார் கனி.

"அது செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஒதுக்கினது அண்ணே," என்றாள் குணவதி. "யாரு எந்தப் பக்கம்னு சண்டை. இன்னும் முடியல."

"ஹைவேல தலைவருக்கு நிமிஷத்துக்கு எண்ணூறு தடவை தலை சுத்துமே," என்றான் கிளிஃபர்ட். "இவரு எடுக்குற முடிவுக்கெல்லாம் காரணம் இப்பத்தான் புரியுது."

லோகேஸ்வரி வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "கனி அண்ணே, எதையும் புதுசா மாட்ட வேணாம். முன்சக்கரம் ரெண்டையும் பின்னால போடுங்க. பின்சக்கரத்தை முன்னால போடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சந்தேகப்படுற ஆளை வேற அறையில உட்கார வச்சுப் பார்ப்போம்."

அரை மணி நேரத்தில் மீண்டும் ஹைவே. எண்பத்தைந்து. தொண்ணூறு. குணவதி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மெதுவாக எடுத்தாள். பிறகு மற்ற கையை இரண்டு விரலாகக் குறைத்தாள். அது அசையவில்லை.

"நின்னுடுச்சு அக்கா," என்றாள். "நான் ஒண்ணும் பண்ணல. நின்னுடுச்சு."

"எங்கடி நின்னுச்சு!" என்று பின்னாலிருந்து அலறினார் அமலம்மாள். "மாதாவே! இங்க வந்துடுச்சுடி! என் சீட்டுக்கு அடியில உட்கார்ந்துகிட்டு ஆட்டுது! இடுப்பு கழண்டுடும் போல!"

லோகேஸ்வரி முதல்முறையாகச் சிரித்தாள். "ஆண்ட்டி, உங்களை மாதிரி ஒரு மிஷின் அந்த அஞ்சு பேருகிட்டயும் இல்ல. சக்கரம் நகர்ந்தது, ஆட்டமும் கூடவே நகர்ந்தது. வண்டியில குத்தமில்லை. அந்த ரெண்டு சக்கரத்துலதான் ஏதோ இருக்கு. வண்டியைத் திருப்பு குணா. எழுபதைத் தாண்டாதே."

கனி நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். லோகேஸ்வரி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்திலும், நடு ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினாள். ஆடாத இரண்டிலும் விரல் எதிலோ தட்டியது. கறுப்பு பிளாஸ்டிக் வளையம். தலைவர் முகம் பதித்த இரண்டிலும் எதுவும் தட்டவில்லை.

"இது என்னண்ணே?"

கனி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட! இது கம்பெனி ரிம் இல்ல, வெளிய வாங்கின ரிம்லா. எல்லா வண்டிக்கும் பொருந்தணும்னு நடு ஓட்டையைப் பெருசா வச்சிருப்பான். வண்டியோட அச்சு முனை சின்னது. நடுவுல இந்த வளையத்தைப் போட்டாத்தான் சக்கரம் நட்ட நடுவுல உட்காரும். இல்லேன்னா நட்டோட பிடியில தொங்கும். முடியளவு தள்ளி நின்னாலும் போதும், தொண்ணூறுல ஆட்டிடும்."

"அப்ப பேலன்ஸ் மிஷின் ஏன் காட்டல?" என்று கேட்டான் கிளிஃபர்ட்.

"அந்த மிஷின் சக்கரத்தை நடு ஓட்டையிலதான் இறுக்கிப் பிடிக்கும், தம்பி. அங்க அது எப்பவும் நடுவுலதான் நிக்கும். அந்த ஆளு மிஷினைப் பார்த்தான். வண்டியைப் பார்க்கல."

"வளையம் என்ன விலை?"

"ரெண்டும் சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளி. ரெண்டு பேரு சாப்பிடுற காசு."

கிளிஃபர்ட் ஒரு கணம் வாயடைத்துப் போனான். ஏழு வருஷத்தில் அது இரண்டாவது முறை.

லோகேஸ்வரி குணவதி பக்கம் திரும்பினாள். "ஆட்டம் எப்ப ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லு."

"மார்ச் மாசம். தலைவர் படம் போட்ட மூடி மாட்டுற விழா நடந்துச்சு. அதுக்கு மறுநாள்ல இருந்து." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். முகம் வெளுத்தது. "அக்கா... விழாவுக்காகச் சக்கரத்தையெல்லாம் கழட்டி, துடைச்சு, மேடையில வச்சது எங்க அண்ணன்தான். அப்ப அவரு துணைச் செயலாளரு."

காற்றுக் குழாய் எங்கோ புஸ்ஸென்று ஒழுகிக்கொண்டிருந்தது. கிளிஃபர்ட் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினான். சிவநேசன் சொன்னது உண்மையாகிவிட்டதே! அண்ணன்தான் என்று நிரூபித்துக் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு?

"விழாவை யாராவது படம் எடுத்தாங்களா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"மன்றத்து ஃபேஸ்புக்ல நேரலையாப் போச்சு. ஒண்ணேகால் மணி நேரம்."

"கிளிஃபர்ட், உன் போனைக் குடு. சக்கரத்தை மறுபடி மாட்டச் சொல்லு. முகம் பின்னாலயே இருக்கட்டும். வளையம் ரெண்டையும் ஒரு பையில போட்டு வாங்கிக்கோ."

அவள் வேனுக்குள் ஏறி அமலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரங்கள் ஏறி நட் இறுக்கி முடிக்கும்வரை இரண்டு பெண்களும் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து அதன் நாற்பதாவது நிமிஷத்துக்கு வந்ததும் அமலம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாருக்கா?" என்றான் கிளிஃபர்ட்.

"போன்ல சார்ஜ் இல்ல பாரு. போற வழியில போட்டுக்கோ," என்றாள் லோகேஸ்வரி.

மன்றத்தின் மண்டபத்தில், மற்ற ஐந்து நோயாளிகளையும் சேர்த்து, ஐம்பது பேர் இருந்தார்கள். மீஹூன் நூடுல்ஸ் வாசம் முன்பக்கம் வரை வந்தது. வாசலில் வேனைப் பார்த்ததுமே சிவநேசன் திடுக்கிட்டார். "என் முகம் ஏன் பின்னால போச்சு?"

"விசாரணைக்காகத் தலைவரே," என்றான் கிளிஃபர்ட். "தற்காலிக மாற்றல்தான்."

மேடையில் மைக்கைப் பிடித்த தலைவர் நோயாளிகளின் துயரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அதில் ஏழு நிமிஷம் தன்னுடைய துயரம். முன்வரிசையில் குகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குணவதி கதவோரம் நின்றாள். வேன் சாவியை ஏற்கெனவே மேசையில் வைக்கச் சொல்லி வாங்கிவிட்டார்கள்.

"துப்பறியும் நிபுணர் இப்ப சதிகாரனோட பேரைச் சொல்வாங்க!"

லோகேஸ்வரி மேடையேறி அவர் காதருகே, "தலைவரே, முதல்ல உங்ககிட்ட தனியாச் சொல்றேன்," என்றாள்.

"தனியா எதுக்கு?" மைக் அவர் வாயருகேயே இருந்தது. "நம்ம மன்றத்துல ஒளிவுமறைவு கிடையாது!" கைதட்டல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாப்பாடு முடிஞ்சுகூடப் பேசிக்கலாம்."

அவளுடைய தயக்கம் அவருக்குத் தெம்பைக் கொடுத்தது. குகனைப் பார்த்துப் புன்னகைத்தார். "யாரா இருந்தாலும் சரி! பேரு மினிட்ல ஏறணும். சுபாஷினி, எழுதும்மா. அந்த ஆளு இந்த நோயாளிங்க முன்னால மன்னிப்புக் கேட்கணும். பண்ணின காரியத்தைத் தன் கையாலயே சரி பண்ணணும். தீர்மானம்! ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

ஐம்பது கை உயர்ந்தது. குகனும் தூக்கினான். செயலாளர் சுபாஷினி பேனாவால் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.

"கிளிஃபர்ட், போடு," என்றாள் லோகேஸ்வரி.

சுவரில் படம் ஓடியது. மேடையில் பூ வைத்த சக்கரங்கள். குனிந்து மூடியை அழுத்தும் சிவநேசன். மூடி உட்காரவில்லை. நாதஸ்வரம் நிற்கிறது. தலைவரின் குரல்: "உள்ளே ஏதோ கறுப்பு வளையம் தடுக்குதுய்யா. என் முகம் உட்கார மாட்டேங்குது."

படத்துக்கு வெளியிலிருந்து குகனின் குரல்: "தலைவரே, அது எதுக்கோ வச்சிருக்கான். கழட்டாதீங்க. மூடியை வேணா வெட்டிக்கலாம்."

"என் முகத்தை வெட்டுறதா?" கையை உள்ளே விட்டு வெடுக்கென்று பிடுங்குகிறார். அடுத்த சக்கரத்திலும் பிடுங்குகிறார். "சக்கரத்துக்கு எதுக்குய்யா வளையல்? சுபாஷினி, இந்தாம்மா, நீ போட்டுக்கோ!" படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாதஸ்வரம் மீண்டும் தொடங்குகிறது.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. மினிட் எழுதிக்கொண்டிருந்த சுபாஷினி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

லோகேஸ்வரி வளையத்தின் வேலையை நான்கே வாக்கியத்தில் சொன்னாள். கடைசியாக, "பேரு கேட்டீங்க. சொல்ல வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்," என்றாள்.

"இது... இதுல ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கு," என்றார் சிவநேசன். "தீர்மானத்தை ஒத்தி வைக்கலாம். சுபாஷினி, அதை அடிச்சிடும்மா."

"எல்லாரும் கை தூக்கினாங்க தலைவரே," என்றாள் சுபாஷினி மெதுவாக. "முதல் கை உங்களுதுதான்."

சிவநேசனுக்கு வியர்த்தது. ஆனால் முப்பது வருஷப் பொதுவாழ்க்கை வீண்போகவில்லை. சட்டென்று முகம் மலர்ந்து, "அப்படின்னா நம்ம குணவதி குற்றமற்றவங்கன்னு நிரூபணமாயிடுச்சு! அவங்களுக்கு இப்பவே என் கையால ஒரு பொன்னாடை! போட்டோகிராஃபர் எங்கப்பா?" என்றார்.

குணவதி கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள். பொன்னாடை பக்கம் திரும்பவேயில்லை. மேசையிலிருந்த சாவியை எடுத்தாள்.

"பொன்னாடை வேணாம் தலைவரே. மூணு மாசமா இவங்க அத்தனை பேரும் என்னாலதான்னு நினைச்சிருக்காங்க. நானும் ராத்திரி படுத்தா, எங்கயாவது குழியில விட்டுட்டேனோன்னு நினைச்சுக்கிட்டே கிடப்பேன். மூர்த்தி மாமா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப போய்ப் பார்க்கக்கூட எனக்கு முகமில்ல. நீங்க சொன்ன தீர்மானம்தான். வந்து சரி பண்ணிக் குடுங்க."

அமலம்மாள் முதலில் எழுந்தார். பிறகு மற்ற ஐந்து நோயாளிகளும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு சிவநேசனுக்குப் போக வேறு திசை இல்லை.

வெயில் உச்சியில் இருந்தது. கிளிஃபர்ட் ஜாக்கி போட்டு, பின்சக்கரம் இரண்டையும் கழற்றிக் கொடுத்தான். பட்டுச் சட்டையின் கையை மடக்கிக்கொண்டு தலைவர் தார்த்தரையில் மண்டியிட்டார். ஸ்குரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. தன் முகத்தைத் தானே நெம்பி எடுக்க அவருக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. இரண்டாவது முகம் சீக்கிரம் வந்துவிட்டது. வளையங்களை உள்ளே வைத்து அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தன. கிளிஃபர்ட் சக்கரங்களைத் திரும்ப மாட்டி நட்டை இறுக்கினான். தலைவர் எழுந்து, கிரீஸ் கையோடு, நோயாளிகளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல," என்றார் அமலம்மாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் சிவநேசன்.

குகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். தேர்தலுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. குணவதி அவன் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வை அண்ணே."

"தங்கச்சி, இது ஒண்ணு போதும், அந்த ஆளு..."

"நம்ம வேனை வச்சு யாரும் படம் காட்ட வேணாம். அவருக்குச் சொன்னது உனக்கும்தான்."

குகன் சுற்றிலும் பார்த்தான். ஆறு நோயாளிகளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கிளிஃபர்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். லோகேஸ்வரி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவனும் மூடிக்கொண்டான்.

குணவதி வேனில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆண்ட்டி, நாளைக்கு ஆறு மணிக்கே வாசல்ல வந்து நிக்க வேணாம். ஆறே முக்காலுக்கு வந்து ஹாரன் அடிக்கிறேன். கொஞ்சம் தூங்குங்க," என்றாள்.